வேர்ல்ட் சீரிஸ் மோதிரமும் பிரஸ் பின்னும்: சேகரிப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

சார், பேஸ்பாலில் ஜெயித்த அணிக்கு மோதிரம் கொடுக்கும் வழக்கம் எப்போது வந்தது?

1922-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர்களுக்குக் கொடுத்தார்கள். வேர்ல்ட் சீரிஸ் என்பது அமெரிக்க பேஸ்பாலில் வருடா வருடம் நடக்கும் இறுதிப் போட்டித்தொடர்; அதன் மோதிரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உடனே எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. மறுவருடம் நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸ் ஜெயித்தபோது வீரர்களுக்குக் கிடைத்தது பாக்கெட் கடிகாரம். அவர்களுக்கு மோதிரம் வந்தது 1927-ல். யாங்கீஸின் நட்சத்திர வீரர் பேப் ரூத்தின் அந்த வருடத்து மோதிரம் 2017-ல் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஒருவர் பழைய மோதிரம் விற்கிறார். உள்ளே 10 காரட் முத்திரை. போலியாக இருக்குமோ?

முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 916 பார்த்தே பழகிய நமக்கு 10 காரட், அதாவது 41.7 சதவீதத் தங்கம், மட்டமாகத்தான் தெரியும். அமெரிக்காவில் அது சாதாரணம். நகை ஆசாரி கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்த நகலில் பெரும்பாலும் ஓரம் மழுங்கி, கரைந்த சோப்பு மாதிரி இருக்கும். பள்ளங்களில் ஊசி குத்தினாற்போல் துளைகள் தெரியும்.

அப்புறம், அசல் கம்பெனி செய்தது என்பதால் மட்டும் அது வீரர் போட்ட மோதிரம் ஆகிவிடாது. ஜாஸ்டன்ஸ், பால்ஃபோர் போன்ற கம்பெனிகள் காட்டுவதற்கென்றே மாதிரி மோதிரங்களும் செய்தன. சேல்ஸ்மேன் சாம்பிள் என்பார்கள். அதைச் சேகரிப்பதில் தப்பே இல்லை, வீரர் மோதிரத்தின் விலை கொடுப்பதுதான் தப்பு. வீரரின் குடும்பம் எழுதிய கடிதம், பழைய ஏல ரசீது என்று கை மாறிய கதை காகிதத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நான் வாங்க மாட்டேன்.

தங்கம் விலை ஏறுகிறதே, எடை பார்த்து வாங்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். மோதிரத்தை வெறும் தங்கமாகப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வீரராகப் பத்து முறை வேர்ல்ட் சீரிஸ் வென்றவர் யோகி பெரா ஒருவர்தான். 2014-ல் நியூஜெர்சியில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் புகுந்து ஒன்பது மோதிரங்களைத் திருடினார்கள். உருக்கிவிட்டார்கள் என்று 2023-ல் அரசு வழக்கறிஞர்கள் சொன்னார்கள். அந்தத் தங்கம் இப்போது எந்தச் சங்கிலியில் கிடக்கிறதோ! நினைத்தாலே வயிறு எரிகிறது.

கையில் காசு கம்மி அண்ணா. எதில் தொடங்கலாம்?

பிரஸ் பின்னில். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன உலோக வில்லை அது. வேர்ல்ட் சீரிஸுக்கு வந்த பத்திரிகையாளர்களுக்கு அடையாளமாக 1911-ல் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் கொடுத்தது முதல் பின். ஆரம்பகாலப் பின்கள் நமக்கு எட்டாது, 1980-களுக்குப் பிறகு வந்தவற்றைத் தேடுங்கள். எனக்கு உயிர் ஃபேன்டம் பின்தான். வேர்ல்ட் சீரிஸுக்குப் போய்விடுவோம் என்று நம்பி முன்கூட்டியே செய்யச் சொல்லிவிட்டு, கடைசியில் போக முடியாமல்போன அணிகளின் பின் அது. அங்கே நடக்காமலே போன ஆட்டத்துக்கான அனுமதி, எனாமல் பளபளக்க உள்ளங்கையில் இருக்கும்.

கறுத்துப்போன பின்னுக்குப் பாலிஷ் போடலாமா?

கூடாது. முலாம் போய்விடும், எனாமல் ஓரம் பெயரும். காய்ந்த பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். பின்பக்கத் திருகு இறுகியிருந்தால் பலம் கொடுத்துத் திருகாதீர்கள். தண்டு முறிந்தால், ஒட்டவைத்த தடம் அப்படியே தெரியும்.