தேக்காவை ஒரு லாவணியோடு நடந்து பாருங்கள்

கடையநல்லூரிலிருந்து வந்து மூன்று மாதமாகியும், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் சாப்பிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு அறைக்குத் திரும்புவதைத் தவிரச் சிங்கப்பூரில் வேறெதுவும் தெரியவில்லை, இந்த ஊரை எப்படி அறிந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. தென்காசியிலிருந்து வந்து இருபத்தாறு ஆண்டுகளான எனக்கும் தொடக்கம் அப்படித்தான் இருந்தது.

தேக்காவின் ரேஸ் கோர்ஸ் சாலையிலேயே குடியிருந்தும், ஒரு குதிரையைக்கூடக் காணாத தெருவுக்கு அந்தப் பெயர் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை. ரங்கசாமி தாசன் 1893இல் இயற்றிய 'குதிரைப் பந்தய லாவணி'யைப் படித்த பிறகுதான் தெரு கண்ணில் பட்டது. பந்தயம் பார்க்கப் போகும் வழியில் கணவன் தன் மனைவிக்கு நகரக் காட்சிகளைச் சொல்லிக்கொண்டே போவதாக, லாவணி என்னும் நாட்டுப்பாடல் வடிவில் அமைந்த பாட்டு அது. 1933இல் புக்கித் தீமாவுக்கு இடம் மாறும்வரை பந்தயம் நடந்தது இன்றைய ஃபேரர் பார்க் பகுதியில்தான். அருகிலுள்ள பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் ஆங்கிலத்திலும் மலாயிலும் ஒரே எருமையைத்தான் சொல்கின்றன. நம் மேலப்பாளையம் சந்தையைப் போல இங்கும் மாட்டு வணிகம் கொழித்திருந்தது.

ஆனால் லாவணி வேடிக்கை பார்க்க வந்தவனின் பாட்டு; கூலிக்கு வந்தவனின் வலியை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதற்கு, கதை நிகழ்வது இலங்கைத் தேயிலைத் தோட்டமே ஆனாலும், திருநெல்வேலிப் பக்கத்து வாசவன்பட்டியில் தொடங்கும் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' கதையையும் சேர்த்துப் படியுங்கள். நம் சீமையிலிருந்து மக்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் அவ்வளவு நேராகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

பிறகு தஞ்சோங் பகாருக்குப் போங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் திரளாகக் குடியிருந்த பகுதி அது. எட்டயபுரத்தோடு இணைத்துப் பேசப்படும், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரில் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1982இல் அது மூடப்பட்டது. தறியை விட்டுக் கப்பலேறியவர்கள், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஊர்ப்பக்கத்துப் புலவரின் பெயரை வைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றே கர்வமாக இருக்கும்.

தேசிய நூலகத்தில் தமிழ் நூல்களைக் கவனிப்பவர்களிடம் கேட்டால் வழிகாட்டுவார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர் எவரையேனும் சந்தித்தால், சம்பளத்தை விசாரிக்கும் முன், அந்தப் பள்ளியில் படித்தவரா என்று கேட்டுப் பாருங்கள்.