பால் கறப்பவளின் கதை – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த ‘வெறும் ஒரு தாய்’ நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். ஸ்வீடனின் ஈவர் லூ-யோஹான்சன் எழுதியது. நாயகி ரியா-ரியா பால் கறக்கிறாள், பிள்ளை பெறுகிறாள், பண்ணை மாறுகிறாள், மறுபடியும் பால் கறக்கிறாள். எனக்குச் சலித்துவிட்டது. வறுமையை ஆவணப்படுத்தினால் இலக்கியமாகிவிடுமா?

ம.

அன்புள்ள ம.,

ஆகாது. ஆனால் இந்த நாவலை ஆவணம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

‘ஸ்டாட்டாரே’ எனப்பட்ட அந்தப் பண்ணையாட்களைக் குடும்பத்தோடு ஓராண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துவார்கள். தானியம், பால், உருளைக்கிழங்கு, விறகு, ஒண்டிக்கொள்ள ஓர் இடம் என்றே கூலியில் பெரும்பகுதி போய்விடும். கையில் காசு கொஞ்சம்தான். அக்டோபர் இறுதியில் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவார்கள். அங்கும் இதே ஒப்பந்தம். கணவனை அமர்த்தினால் மனைவியின் உழைப்பும் அதில் அடக்கம். பண்ணை மாடுகளைக் கறப்பது அவள் கடமை. ஞாயிறும் பண்டிகையும் மாட்டுக்குத் தெரியாது. இந்தக் கட்டாயத்தை ‘வெள்ளைச் சாட்டை’ என்றார்கள்.

ரியா-ரியா முன்னேற அந்த ஒப்பந்தம் வழியே வைக்கவில்லை. அவள் கதையை மட்டும் விறுவிறுவென்று நகர்த்தியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

ஏரிக் காட்சியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே! கொளுத்தும் கோடையில் இளம்பெண்ணான அவள் ஆடை களைந்து நீரில் இறங்குகிறாள். அவளுக்கு அது வெயிலும் தண்ணீரும் தன் உடம்பும், அவ்வளவுதான். ஊருக்கு அது நடத்தைக்கேடு. காதலன் விலகுகிறான். ஹென்ரிக்கை மணந்த பின்னும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. இதற்குப் பண்ணை முதலாளி தேவைப்படவில்லை. அவளைப் போலவே வயிற்றுக்கு உழைக்கிறவர்களே அவளைத் தண்டிக்கிறார்கள். ஏழைகளை நல்லவர்களாக மட்டுமே காட்டத் துடிக்கும் எழுத்தாளர் இந்தக் கொடுமையை எழுதத் துணியமாட்டார். லூ-யோஹான்சனின் பெற்றோரே ஸ்டாட்டாரேக்கள். 1901இல் பிறந்த அவருக்கு அந்தக் குடியிருப்புகளின் பரிவும் தெரியும், வம்பும் தெரியும். இரண்டையும் மறைக்காமல் எழுதினார். நான் அவரைப் பெரிய கலைஞர் என்று சொல்வது இதனால்தான்.

நாவல் வெளிவந்தது 1939இல். 1945இல் அந்த முறையே ஒழிக்கப்பட்டது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் நெடுங்காலப் போராட்டத்தோடு இவரது கதைகளுக்கும் அதில் பங்குண்டு.

அடுத்து அவரது ‘நல்லிரவு, மண்ணே’ (1933) படியுங்கள், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. பண்ணையாளின் மகன் மிக்கேல் வளர்ந்து அங்கிருந்து வெளியேறும் கதை. அவனோடு அந்தக் குடியிருப்பு முழுவதும் அதில் பேசுகிறது. படித்துவிட்டு எழுதுங்கள்.