பெட்டிக்குள் ஒரு செபமாலை

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். கல்லூரிக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டேன். திருச்சியில் சேசு சபையினர் நடத்தும் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். ஆனால் எனக்கு நம்பிக்கை விட்டுப்போய் மூன்று வருடமாகிறது. பாட்டிக்காகத்தான் ஞாயிறு பூசைக்குப் போகிறேன். விடுதியில் நடிக்கவும் மனமில்லை, ஒதுங்கி நிற்கவும் பயம். பாட்டி இப்போதே பெட்டியில் செபமாலையை வைத்துவிட்டார். என்ன செய்வது?

ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

நானும் நம் ஊர்த் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) தமிழ்நாட்டில் ஒரு கத்தோலிக்க விடுதிக்குப் போனவன்தான். முதல் மாதம் மாலைச் செபத்தில் எல்லோரோடும் மண்டியிட்டு, செபமாலையின் ஐம்பத்துமூன்று அருள்நிறை மணிகளுக்கும் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைப்பேன். முழங்கால் வலியைவிட, பக்கத்திலிருப்பவன் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயம்தான் பெரிது. மணப்பாட்டுப் பையன் ஒருவன் கண்டுபிடித்தே விட்டான். படியிறங்கும்போது தோளில் கைபோட்டு, "சொல்லத் தோணலன்னா சும்மா உட்காரு மக்கா. பக்கத்துல இரு, போதும்" என்றான்.

அப்துல் கலாம் 1950 முதல் நான்கு வருடம் திருச்சி புனித வளனார் கல்லூரி விடுதியில்தான் இருந்தார். அறைத் தோழர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். சைவ உணவு மெஸ்ஸுக்குச் செயலாளராகக்கூட இருந்தார். இதைக் காட்டிப் பலரும் உங்களுக்குத் தைரியம் சொல்வார்கள். ஆனால் உங்கள் சிக்கல் வேறு. இந்துப் பையனையும் முஸ்லிம் பையனையும் ஏன் பூசைக்கு வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஞானஸ்நானப் பெயர் வைத்திருக்கும் உங்களைத்தான் கேட்பார்கள். பல கத்தோலிக்கக் கல்லூரிகளில் கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வி, மற்றவருக்கு நன்னெறி என்று வகுப்பைப் பிரிப்பார்கள். விண்ணப்பத்தில் மதத்தை எழுதியதுமே நீங்கள் எந்த வகுப்பு என்பது முடிவாகிவிடும்.

அதனால் முதல் வாரத்திலேயே வார்டன் ஃபாதரைத் தனியாகப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மனச்சாட்சிக்கு விரோதமாக யாரையும் நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1965-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே அறிவித்திருக்கிறது. அவருக்கு அது தெரியாமல் இருக்காது. வாதாடப் போகாதீர்கள், கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

செப நேரத்தில் எழுந்து நிற்பது பொய்யல்ல, மரியாதை. ஆனால் பூசையில் நன்மை (திருவிருந்து அப்பம்) வாங்கும் வரிசையில் மட்டும் நம்பாமல் போய் நிற்காதீர்கள். மற்றவர்கள் எழும்போது பெஞ்சிலேயே இருங்கள். தகுந்த நிலையில் இல்லாதவர் வாங்கக் கூடாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. அதனால் விசுவாசிகளே எத்தனையோ ஞாயிறு உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். நீங்கள் ஒருவர் தனியாகத் தெரிய மாட்டீர்கள். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள். அங்கே இந்துக்களும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். யாருக்கு எவ்வளவு நம்பிக்கை என்று அந்தக் கூட்டத்தில் யார் கேட்டார்கள்?

ஃபாதரிடம் சொல்வதற்கு முன் பாட்டியிடம் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நான் சொல்லாமல் போனேன். என் பாட்டி வேறு யார் மூலமாகவோ கேள்விப்பட்டார். இன்றும் அது எனக்கு ஆறவில்லை. உங்கள் பாட்டி அழலாம், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். இருக்கட்டும், அந்த இரண்டு நாளும் வீட்டிலேயே இருங்கள். செபமாலையை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று எழுதுங்கள்.