டி டிரைவில் குறைத்த இடம் சி டிரைவுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: நான் முற்றிலும் பார்வையற்றவன். விண்டோஸ் 11 மடிக்கணினியில் என்விடிஏ திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறேன். 512 ஜிபி எஸ்எஸ்டியில் சி டிரைவுக்கு 120 ஜிபி மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளது, அது நிரம்பிவிட்டது. ஒலிப் புத்தகங்கள் மட்டுமே உள்ள டி டிரைவில் 200 ஜிபிக்கு மேல் காலியாக இருப்பதால், டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக அதில் 80 ஜிபியைக் குறைத்தேன். ஆனால் சி டிரைவின் மெனுவில் எக்ஸ்டெண்ட் வால்யூம் வரும்போது 'அன்அவெய்லபிள்' என்றே கேட்கிறது. பிறர் உதவியின்றி இதை முடிக்க இயலுமா?

பதில்: இயலும். நீங்கள் குறைத்த 80 ஜிபி எங்கும் போய்விடவில்லை. ஆனால் அது சி டிரைவின் பக்கத்தில் இல்லை. வன்தட்டை ஒரு நீண்ட துணிச் சுருளாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கணினி தொடங்குவதற்கான சிறு பகுதிகள், அடுத்து சி, அதற்குப் பின் டி என்று வரிசையாக அமைந்திருக்கும். ஒரு டிரைவைக் குறைக்கும்போது விண்டோஸ் அதன் வால் பகுதியைத்தான் வெட்டும். நீட்டும்போதோ அந்த டிரைவின் வாலை ஒட்டி உடனே வரும் காலியிடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். ஆகவே சி டிரைவுக்கும் நீங்கள் விடுவித்த இடத்துக்கும் நடுவில் டி டிரைவு முழுவதும் படுத்திருக்கிறது.

டிஸ்க் மேனேஜ்மென்டின் கீழ்ப்பாதியில் உள்ள படத்தைப் பார்ப்பவருக்கு இது ஒரு நொடியில் புரியும். திரைவாசிப்பான் தெளிவாக வாசிப்பது மேலே உள்ள வால்யூம் பட்டியலை. ஒதுக்கப்படாத இடம் அப்பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. அந்தப் படம் வெறும் எண்களிலிருந்து வரையப்பட்டதுதான் என்பதால், எண்களையே கேட்டுவிட்டால் படம் தேவையில்லை. இதற்கு நான் பரிந்துரைப்பது, கட்டளைகளைத் தட்டி இயக்கும் விண்டோஸ் கருவியான பவர்ஷெல். விண்டோஸ் விசையுடன் எக்ஸ், பிறகு ஏ அழுத்தினால் நிர்வாகி உரிமையுடன் டெர்மினல் திறக்கும். உங்கள் என்விடிஏ கணினியில் நிறுவப்பட்டதாக இருக்க வேண்டும். பென் டிரைவில் இயங்கும் போர்ட்டபிள் பதிப்பு அப்போது வரும் அனுமதித் திரையை வாசிக்காது.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன்; ஆங்கில எழுத்துகளில், சிறு கோட்டையும் இடைவெளியையும் அப்படியே வைத்துத் தட்டுங்கள். முதலில் 'கெட்-பார்ட்டிஷன்'. ஒவ்வொரு வரியிலும் பகுதியின் எண், டிரைவ் எழுத்து, ஆஃப்செட், அளவு, வகை ஆகியவை வரும். ஆஃப்செட் என்பது அந்தப் பகுதி தட்டின் எந்த பைட்டில் தொடங்குகிறது என்பதைச் சொல்வது. அந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் தட்டின் வரைபடம் உங்கள் கையில் இருக்கும். டெர்மினலில் வரிவரியாகக் கேட்பது சிரமமானால், கட்டளைக்குப் பின் 'பைப்' எனப்படும் செங்குத்துக் கோடும் 'கிளிப்' என்ற சொல்லும் சேர்த்து, நோட்பேடில் ஒட்டி அம்பு விசைகளால் நிதானமாகக் கேளுங்கள்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். சிக்கும் டிக்கும் நடுவில் 'ரெக்கவரி' வகைப் பகுதி ஏதேனும் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். டி டிரைவை நீக்கினாலும் அது சுவராக நிற்கும். அதை நீக்குவது தனி வேலை, தவறினால் பழுதுநீக்கும் வசதியே போய்விடும். அந்நிலையில், முதலில் டி டிரைவின் 80 ஜிபியை அதற்கே திருப்பி நீட்டிவிட்டு, டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளின் பிராப்பர்ட்டீஸில் உள்ள லொகேஷன் தத்தலில் மூவ் பொத்தானைக் கொண்டு அவற்றை டி டிரைவுக்கு மாற்றுவதே போதும். உண்மையில், ரெக்கவரி பகுதி குறுக்கே இல்லாதவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதன் பிறகும் சி டிரைவைப் பெரிதாக்கியே தீர வேண்டுமென்றால், டி டிரைவை நீக்கி மீண்டும் உருவாக்குவது ஒன்றே விண்டோஸுக்குள் உள்ள வழி. பகுதியை நகர்த்தித் தரும் வேறு மென்பொருள்கள் உண்டு. ஆனால் அவற்றில் பல இழுத்து நகர்த்தும் படங்களையே நம்பியிருப்பதால், திரைவாசிப்பானுக்கு அவை பெரும்பாலும் ஊமைதான். டி டிரைவில் உள்ள அனைத்தையும் வெளிப்புற வன்தட்டுக்கு நகலெடுத்து, இரு பக்கமும் ஆல்ட்டுடன் என்டர் அழுத்திக் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சில கோப்புகளைத் திறந்தும் கேளுங்கள். மின்னிணைப்பு இருக்கட்டும். டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் வசதி செயலில் இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைக் கணினிக்கு வெளியே சேமித்து வையுங்கள், ஏனெனில் அதைக் கேட்கும் நீலத் திரை விண்டோஸ் தொடங்குமுன் வருவதால் அங்கே என்விடிஏ பேசாது.

வெளிப்புற வன்தட்டைக் கழற்றிவிட்டு, 'ரிமூவ்-பார்ட்டிஷன் -டிரைவ்லெட்டர் டி' என்று தட்டுங்கள். உறுதிப்படுத்தக் கேட்கும் அந்தக் கேள்விக்கு இயல்பான விடை 'ஆம்' என்பதால், வெறும் என்டர் அழுத்தினாலே டிரைவு நீங்கிவிடும். கேள்வியை முழுதாகக் கேட்காமல் என்டரைத் தொடாதீர்கள். டிஸ்க்பார்ட் என்ற பழைய கருவியிலும் இதைச் செய்யலாம். ஆனால் எந்தப் பகுதி தேர்வாகியுள்ளது என்பதை அதன் பட்டியல் ஒரு நட்சத்திரக் குறியால் மட்டும் காட்டும்; நிறுத்தக்குறி வாசிப்பைக் குறைத்து வைத்திருப்பவர் காதில் அது விழாமல் போகலாம். பவர்ஷெல்லில் டிரைவ் எழுத்து கட்டளைக்குள்ளேயே இருப்பதால் அந்தக் கவலை குறைவு.

நீட்டுவதற்கு முன் 'கெட்-பார்ட்டிஷன்சப்போர்ட்டட்சைஸ் -டிரைவ்லெட்டர் சி' என்று கேளுங்கள். சைஸ்மேக்ஸ் என்ற எண் பைட் கணக்கில் வரும். உங்கள் 120 ஜிபி என்பது 128இல் தொடங்கும் 12 இலக்க எண். சைஸ்மேக்ஸ் இன்னும் அதையொட்டியே இருந்தால் ஏதோ குறுக்கே நிற்கிறது என்று பொருள். 500ஐத் தாண்டித் தொடங்கினால் வழி திறந்துவிட்டது. பிறகு 'ரிசைஸ்-பார்ட்டிஷன் -டிரைவ்லெட்டர் சி -சைஸ் 200ஜிபி' என்று கொடுங்கள். 200க்கும் ஜிபிக்கும் நடுவில் இடைவெளி கூடாது. வெற்றியானால் எந்தச் செய்தியும் வராமல் அடுத்த வரி தயாராக நிற்கும். அந்த மௌனம் சிலரைக் குழப்பி அதே கட்டளையை மீண்டும் தட்ட வைப்பதுண்டு. அதற்குப் பதிலாக 'கெட்-பார்ட்டிஷன்' ஓட்டி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீதமுள்ள இடத்தில் புதிய டி டிரைவை உருவாக்க, செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ் செட்டிங்ஸ் வழியாக 'டிஸ்க்ஸ் அண்ட் வால்யூம்ஸ்' பக்கத்துக்குச் செல்லுங்கள். இங்கே ஒதுக்கப்படாத இடமும் பட்டியலில் ஓர் உருப்படியாகவே வரும். அதில் கிரியேட் வால்யூமைத் தேர்ந்து, எழுத்தாக டியையும் கோப்பு முறைமையாக என்டிஎஃப்எஸ்ஸையும் கொடுத்தால், ஒலிப் புத்தகங்களை பழைய கோப்புறைப் பெயர்களுடனேயே திருப்பி நகலெடுக்கலாம்.