பாரம்பரிய பீன்ஸ் வயலில் சோர்ந்தால் குற்றம் ரகத்திலா, விதையிலா?

ஈரத்துணியில் பத்துக்கு ஒன்பது முளைத்த பழைய ரக பீன்ஸ் மண்ணில் பாதிகூட எழும்பவில்லை, எழும்பியதும் சரியாகக் காய்க்கவில்லை, பழைய ரகம் என்றாலே இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ரகத்தைக் கைவிடாதீர்கள், முதலில் விதையைப் பாருங்கள்.

ஈரத்துணியில் தெரிவது விதைக்கு உயிர் இருக்கிறதா என்பது மட்டும்தான். வீரியம் வேறு விஷயம். வயதான விதை துணியில் இதமான சூட்டில் முளைத்துவிடும், அதையே 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த ஈரமண்ணில் போட்டால் அழுகும். வெள்ளைத்தோல் விதைகளில் இது இன்னும் மோசம், தண்ணீரை வேகமாக இழுத்து உள்ளே திசு சேதமாகிவிடும். கருப்பு, பழுப்பு விதைகள் பொதுவாக மெல்ல ஊறும்.

எழும்பிய நாற்றைக் குனிந்து பாருங்கள். இரண்டு வித்திலைக்கும் நடுவில் குருத்தே இல்லாமல் மொட்டையாக நின்றால், அளவுக்கு மீறிக் காய்ந்த காயைத் தடியால் அடித்து உதிர்த்ததில் உள்ளே முளை முறிந்திருக்கும். விதைக்கு வைப்பதைக் கையால் உரிப்பதே நல்லது.

காய்ப்பு குறைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது தேமல் வைரஸைத்தான். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக, விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு, நடுவில் கொப்புளம் போல உப்பியிருக்கும். இது விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும், வயலுக்குள் அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி பரப்பும். நோய் கண்ட செடியிலேயே வருஷா வருஷம் விதை எடுத்தால் நல்ல ரகமும் நோஞ்சானாகத்தான் தெரியும், பாவம். புது ரகங்கள் பலவற்றில் இதற்கு எதிர்ப்பு சேர்த்திருப்பதால் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது. காயில் குழிந்த கரும்புள்ளி இருந்தால் அது ஆந்த்ரக்னோஸ் என்ற பூஞ்சை நோய், அந்தக் காயிலும் விதை எடுக்கக் கூடாது.

சில பழைய கொடி ரகங்கள் பகல் குறைந்தால்தான் பூக்கும் என்பதும் உண்மை, அதை விதை மாற்றிச் சரிசெய்ய முடியாது. மற்றபடி சாதாரண பீன்ஸ் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பதால் ரகம் அவ்வளவு எளிதில் கலக்காது (ரன்னர் பீன்ஸ் என்ற வேறு பீன்ஸ் இனம் மட்டும் விதிவிலக்கு, தேனீ கலந்துவிடும்). அதனால் தேமல் கண்ட செடிகளைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிட்டு, சுத்தமான செடிகளை விதைக்கென்று அடையாளம் கட்டி, காய் கொடியிலேயே முற்றிக் காய விடுங்கள். உரித்த விதையை நன்றாக உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் சில நாள் உறைபெட்டியில் வைத்தால் உள்ளே இருக்கும் வண்டும் முட்டையும் செத்துவிடும். அப்புறம் அடுத்த பருவத்தில் துணியோடு நிற்காமல், ஒரு பிடி விதையை வயல் மண்ணிலேயே ஊன்றி எத்தனை எழும்புகிறது என்று பாருங்கள்.