சாவி தொங்கும் ஆணி

கேள்வி: காய்கறிக்குத் துணிப்பை, மாடியில் சோலார், பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம், எல்லாம் உண்டு. ஆபீஸ் திருவல்லிக்கேணி. வேளச்சேரி பறக்கும் ரயில் ஸ்டேஷன் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, ஆனாலும் தினமும் பைக்தான். என் மனைவி என்னை வேஷதாரி என்கிறாள். அப்படித்தானா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: வேஷமெல்லாம் இல்லை சார், பழக்கம். காலையில் 'இன்று எதில் போகலாம்' என்று நீங்கள் யோசிப்பதே கிடையாது. ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது, கதவோரம் ஆணியில் தொங்கும் சாவியைக் கை எடுக்கிறது, சைதாப்பேட்டையில் பஸ் புகைக்குப் பின்னால் நிற்கும்போதுதான் ரயில் ஞாபகம் வருகிறது. முடிவே எடுக்காத இடத்தில் கொள்கைக்கு என்ன வேலை?

அப்புறம் காசுக் கணக்கு. பெட்ரோலை வாரத்துக்கு ஒருமுறை போட்டுவிடுவதால் ஒவ்வொரு சவாரியும் இலவசம் மாதிரித் தெரிகிறது. தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எதுவும் அந்த நேரத்தில் மனசுக்கு வராது. ரயிலுக்கு மட்டும் தினமும் பையில் கைவிட வேண்டும், டிக்கெட் எத்தனை மலிவாக இருந்தாலும் அதுதான் உறுத்தும். மாத சீசன் எடுத்துப் பாருங்கள், உறுத்தல் பைக் பக்கம் மாறிவிடும். 'காசு கொடுத்தது வீணாகுதே' என்பதைவிட நம்மை வேகமாகக் கிளப்புவது எது?

2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல ஸ்டேஷன்கள் மூடிக்கிடக்க, ஜனங்கள் வேறு வழி தேடினார்கள். பிறகு பயண அட்டைப் பதிவுகளை அலசியபோது, சுமார் 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை என்று தெரிந்தது. நல்ல வழி பக்கத்திலேயே இருந்திருக்கிறது, யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். டிசம்பர் மழைக்குக் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிற ஊர்க்காரர் நீங்கள், இப்படிப்பட்ட இடைஞ்சல் உங்களுக்குப் புதிதா? பைக் சர்வீஸுக்குப் போகும் வாரத்தில் ஆரம்பியுங்கள். வண்டி வந்ததும் சாவி பீரோவுக்குள், சீசன் டிக்கெட் அந்த ஆணியில். மே மாதத்தில் பத்து நிமிட நடை என்றால் சட்டை நனைந்துவிடும், அன்றைக்கு பைக்கை எடுத்தால் நான் கேட்க மாட்டேன், உங்கள் மனைவி கேட்கலாம்.

கேள்வி: வாரத்தில் ஐந்து நாள் மெட்ரோ. ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் கார் ஓட்டினால் என்ன தப்பு? (வாசகி, அசோக் நகர்)

பதில்: தப்பே இல்லை. ஆனால் 'ஐந்து நாள்' என்று கேள்வியிலேயே கணக்குக் காட்டுகிறீர்களே, அதற்கு மனவியலில் மாரல் லைசென்ஸிங் என்று பெயர். ஒரு நல்லது செய்துவிட்டு அதையே அனுமதிச் சீட்டாக நீட்டுவது. ஏகாதசிக்குப் பட்டினி கிடந்துவிட்டு துவாதசியன்று இரண்டு பங்கு வெட்டுவோமே, அதேதான். கோவளத்தில் மீன் வறுவல் சாப்பிட ஆசை என்றால் ஆசைக்காகவே போங்கள், மெட்ரோவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.