காணாமற்போன ஆடும் நூறு விழுக்காடும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நான் படித்த பள்ளியில் பணிநிறைவு விழா. தென்மாவட்டத்துச் சிறிய ஊர். கன்னியர் சபை ஒன்று நடத்தும் அரசு உதவிபெறும் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. ஊரில் எல்லோருக்கும் அது 'சிஸ்டர் ஸ்கூல்'. எனக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர்தான் பிறகு தலைமையாசிரியை ஆனார். இப்போது ஓய்வு பெறுகிறார்.

ஏற்புரையில் அவர் சொன்னது இது: "நான் யாரையும் கிறிஸ்தவராக்க நினைத்ததில்லை. நல்ல பிள்ளைகளாக அனுப்ப நினைத்தேன். ஆனால் என் விசுவாசம் இல்லாவிட்டால் எனக்கு இது முடிந்திருக்காது." நடுவில் சிரித்துக்கொண்டே ஒரு சம்பவமும் சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடத்தில் தேறாத ஒரு பெண்ணுக்கு டி.சி. கொடுத்துவிடலாம் என்று ஆசிரியர்கள் சொன்னபோது மறுத்துவிட்டாராம். மறுவருடம் பத்தாம் வகுப்பில் அவள் ஒருத்தி கணக்கில் போனதால் பள்ளிக்கு நூறு விழுக்காடு போயிற்று. துணைத் தேர்வில் எழுதித் தேறினாள். விழாவுக்கு அவளும் வந்திருந்தாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

திரும்பும்போது தோழிகளுக்குள் வாக்குவாதம். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருத்தி, "நல்லவளாக இருக்க மதம் எதற்கு? நன்னெறி என்ற பெயரில் மதத்தைத்தான் ஊட்டினார்கள்" என்றாள். கத்தோலிக்கத் தோழியோ, "விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்காமல் பொதுவான நல்ல குணங்களைச் சொல்லிக்கொடுக்க ஒரு சிஸ்டர் எதற்கு?" என்றாள். நான் இந்து. இரண்டு பக்கமும் சேர முடியவில்லை. விழா மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். எதை எழுதுவது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் தோழிகள் ஏற்புரையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒன்பதாம் வகுப்பு விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அது எவ்வளவு பெரிய மறுப்பு என்பது பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்க முடியாது. பத்தில் பொதுத்தேர்வு. ஆகவே வடிகட்டுவதற்கு மிஞ்சுவது ஒன்பதாம் வகுப்பு ஒன்றுதான். மார்ச், ஏப்ரலில் பெற்றோரைக் கூப்பிட்டுவிடுவார்கள். "உங்க பொண்ணுக்கு இங்க கஷ்டம், வேற ஸ்கூல்ல சேர்த்தா பாஸ் பண்ணிடும்" என்று இதமாகத்தான் பேச்சு இருக்கும். யாரும் விரட்ட மாட்டார்கள். அப்பா கூலிக்காரராக இருப்பார், எதிரில் நாற்காலி இருந்தாலும் உட்கார மாட்டார். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவார். டி.சி.யில் 'பெற்றோர் விருப்பத்தின்பேரில்' என்று இருக்கும். மே மாதம் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் தொங்கும்: பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி. அந்தப் பெண் வேறு பள்ளிக்கும் போயிருக்க மாட்டாள். எல்லாப் பள்ளியும் இதைச் செய்கிறது என்று சொல்லவில்லை. செய்கிற பள்ளிகளில் சிலுவை வைத்தவையும் உண்டு, விநாயகர் வைத்தவையும் உண்டு.

இதற்கு நேர் எதிராக நற்செய்தியில் ஒரு கதை இருப்பது உங்கள் கத்தோலிக்கத் தோழிக்குத் தெரிந்திருக்கும். லூக்கா பதினைந்தாம் அதிகாரம். நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போனால் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான் மேய்ப்பன். நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் தலைமையாசிரியர் அறைச் சுவரில் பெரும்பாலும் அந்தப் படம் இருக்கும், தோளில் ஆட்டுக்குட்டியோடு நல்லாயன். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் டி.சி.யில் கையெழுத்தாகிறது. ஒன்றை வெளியே அனுப்பிவிட்டால் தொண்ணூற்றொன்பதே நூறு விழுக்காடு ஆகிவிடும் என்பது நம் ஊர்க் கணக்கு. உங்கள் சிஸ்டர் கணக்கு டீச்சர் வேறு. அவருக்கு இது புரியாமல் இருந்திருக்காது.

அவர் இழந்தது என்ன? தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களைக் கல்வி அலுவலகத்தில் கூப்பிட்டு வைத்து விளக்கம் கேட்பார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி ஃபிளெக்ஸ் வைக்கும். மறுவருடம் ஆறாம் வகுப்புச் சேர்க்கை குறையும். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரியாகும், ஒருவர் வேறு பள்ளிக்குப் போக வேண்டிவரும். ஆகவே ஆசிரியர்கள் அப்படிச் சொன்னதும் கெட்ட எண்ணத்தால் அல்ல. ஒரு பெண்ணுக்காக இத்தனையையும் தாங்குவதற்கு ஒருவருக்கு ஏதோ ஒரு பிடிமானம் வேண்டும். உங்கள் சிஸ்டருக்கு அது விசுவாசம் என்று அவரே சொல்கிறார். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு முடியாது என்று அவர் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. தன்னைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறார். அந்த அளவோடு அதை ஏற்றுக்கொள்வதில் எனக்குச் சிரமம் இல்லை. இதே மறுப்பைச் செய்த, சாமியே கும்பிடாத அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களை எனக்குத் தெரியும். உங்கள் முதல் தோழி சொல்வது சரி, நல்லவராக இருக்க மதம் தேவையில்லை. ஆனால் ஒருவர் தன் நற்செயலுக்குக் காரணம் இது என்று சொல்லும்போது, "இல்லை, அது காரணமாக இருக்க முடியாது" என்று சொல்ல நாம் யார்?

மதத்தை ஊட்டினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நானும் ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் கணக்குப் பாதியில் நிற்கும். சாக்பீஸைக் கையில் வைத்தபடியே சிஸ்டர் மூவேளைச் செபத்தின் முன்பாதியைச் சொல்வார், கத்தோலிக்கப் பிள்ளைகள் பின்பாதியைச் சொல்வார்கள், மற்றவர்கள் எழுந்து நிற்போம். நின்றால் போதும். ஆனாலும் கேட்டுக் கேட்டு 'அருள் நிறைந்த மரியே' எனக்கு இன்றும் மனப்பாடம். பரீட்சை நாளில் ஹால் டிக்கெட்டை மாதா சிலை இருக்கும் கெபியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வாசலில் பிள்ளையாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிய பிள்ளைகள்தான் நாங்கள் எல்லோரும். இதனால் நான் கிறிஸ்தவன் ஆகிவிடவில்லை. பாதிப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

வாரத்தில் ஒரு பீரியடு வகுப்பு இரண்டாகப் பிரியுமே, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, நமக்கு நன்னெறி என்று. அது வெறும் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். அரசிடம் உதவி பெறும் பள்ளியில் எவரையும் அவரது சம்மதம் இல்லாமல், சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல், மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கச் செய்யக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்ற 30ஆவது பிரிவை மேடைதோறும் சொல்கிறவர்கள் இதைச் சொல்வது குறைவு. உங்கள் பள்ளியில் அந்த எல்லை காக்கப்பட்டதா என்பதை உங்கள் தோழி தன் அனுபவத்தை வைத்தே சொல்லலாம், அவளும் அங்கே படித்தவள்தானே.

இரண்டாவது தோழிக்கு அவளுடைய திருச்சபையே பதில் சொல்லியிருக்கிறது. 1965 அக்டோபர் 28 அன்று, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று சொல்லும் அறிக்கையும் அதே நாளில்தான் வந்தது. கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளிகள் முதலில் யாரைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரிசை தருகிறது. ஏழைகள், குடும்பத்தின் அன்பும் ஆதரவும் இல்லாதவர்கள், விசுவாசம் என்னும் கொடையைப் பெறாதவர்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் இதில் எத்தனை கட்டத்தில் வருவாள் என்று எனக்குத் தெரியாது, ஒன்றிலாவது வருவாள். சிஸ்டர் விசுவாசத்தை நீர்த்துப்போகச் செய்தார் என்று சொல்ல இடமே இல்லை.

இடையில் ஒன்று. மலரில் 'ஒழுக்கத்தின் சிகரம்' என்று பத்துப் பேராவது எழுதுவார்கள். நம் பெற்றோர் வரிசையில் நின்று சிஸ்டர் ஸ்கூலில் இடம் கேட்பது அதற்காகத்தான். இரட்டைச் சடை, கறுப்பு ரிப்பன், தாமதமாக வந்தால் கேட்டுக்கு வெளியே. இதை விழுமியம் என்று பெயர் சூட்டி விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டாளத்திலும் ஒழுங்கு உண்டு.

சிஸ்டருடைய பணத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிடாதீர்கள். கன்னியர் கொடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளில், அதாவது துறவற உறுதிமொழிகளில், ஏழ்மையும் ஒன்று. அரசு கொடுக்கும் சம்பளம் அவர் பெயரில் வங்கியில் விழும், அப்படியே சபைக்குப் போகும். ஊருக்குப் போக பஸ் காசு வேண்டுமென்றாலும் மடத்துத் தலைவியிடம் கேட்க வேண்டும். சம்பளம் எங்களுடையதே இல்லை, வார்த்தைப்பாடு கொடுத்தவர் உலக வாழ்வுக்கு இறந்தவருக்குச் சமம், எங்களிடம் வருமான வரி பிடிக்கக் கூடாது என்று கன்னியர் தரப்பில் வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்துவிட்டது. தீர்ப்பு சரி என்பதுதான் என் கருத்து. சம்பளம் ஆசிரியருக்கு வருகிறது, அவர் அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது அரசின் கவலை அல்ல. ஆனால் அந்த வாதத்துக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை கற்பனை அல்ல. தமிழ்நாட்டில் ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தியபோது மற்ற ஆசிரியர்கள் வீட்டுக் கடனையும் மகள் கல்யாணத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். இவருக்குப் போட எந்தக் கணக்கும் இருந்திருக்காது. ஓய்வூதியமும் சபைக்குத்தான். அடுத்த மாதம் எந்த ஊர் மடத்துக்கு மாற்றலோ, அதையும் அவர் தீர்மானிப்பதில்லை.

இங்கே ஒரு கசப்பும் இருக்கிறது. ஆள் ஏழையாக இருக்கிறார், நிறுவனம் அப்படி இல்லை. ஒரே மதிலுக்கு இந்தப் பக்கம் தமிழ்வழி உதவிபெறும் பள்ளி, அந்தப் பக்கம் அதே சபையின் சி.பி.எஸ்.இ. பள்ளி. இங்கே சத்துணவுத் தட்டு, அங்கே வரிசையாக வேன். பல ஊர்களில் பார்த்திருக்கிறேன், உங்கள் ஊரில் எப்படியோ. பணக்காரப் பள்ளி ஏழைப் பள்ளியைத் தாங்குகிறது என்பார்கள். சில இடங்களில் அது உண்மை. ஜெசூயிட் எனப்படும் சேசு சபைத் துறவிகளின் உலகத் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1973இல் ஸ்பெயினின் வலென்சியாவில் அந்தச் சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்களின் மாநாட்டில் பேசினார். நீதிக்காக வாழ உங்களை நாங்கள் பயிற்றுவித்தோமா என்று தானே கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். எதிரே இருந்தவர்கள் வசதியானவர்கள், பலருக்கு அது பிடிக்கவில்லை. பணிநிறைவு விழாக்களில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. உங்கள் சிஸ்டர், தன் பள்ளி நூறு விழுக்காட்டைத் தவறவிட்ட கதையை, தாளாளரும் சபைத் தலைவியும் உட்கார்ந்திருந்திருக்கக்கூடிய மேடையில், சிரித்துக்கொண்டே சொன்னாரே, அதைக் கிட்டத்தட்ட அந்த வகையில் சேர்க்கலாம்.

மலருக்கு ஏணி, தோணி, மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். அவற்றை எழுத வேறு ஆட்கள் இருப்பார்கள். நீங்கள் அந்த டி.சி. விஷயத்தை நடந்தபடி எழுதுங்கள். அந்த வருடத் தேர்ச்சி விழுக்காட்டைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கி அப்படியே போடுங்கள். மலர்க் குழுவில் யாராவது அந்த எண்ணை எடுத்துவிடச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். துணிக்கடைப் பெண்ணின் பெயரைப் போடுவதாக இருந்தால் முதலில் அவளிடம் கேட்டுவிடுங்கள். சிஸ்டர் மேடையில் பெயர் சொன்னாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.